மேல்மடையும் கடைமடையும்: நாடுகளிடையே நியாய நெறி

புனே நகரில் வாழும் தமிழருக்கு முட்டா ஆறு புதிதன்று. சஹ்யாத்திரி மலையில் தோன்றும் அவ்வாறு கடக்வாசலா அணையைக் கடந்து நகருக்குள் வந்து, சங்கம் என்னும் இடத்தில் முளா ஆற்றோடு கூடுகிறது. இரண்டும் ஒன்றாகி ஓடிப் பீமாவில் கலக்கின்றன. பண்டரிபுரத்து அடியார்கள் சந்திரபாகை என்று போற்றி நீராடுவது இந்தப் பீமாவிலேதான். பீமா தெற்கே சென்று ராய்ச்சூருக்கு அருகில் கிருஷ்ணையை அடைகிறது. கிருஷ்ணையின் நீர் ஸ்ரீசைலத்தில் தேங்குகிறது. அங்கிருந்து ஒரு பங்கு கால்வாய் வழியாகவும் பெண்ணை ஆற்றின் வழியாகவும் சோமசீலா, கண்டலேறு நீர்த்தேக்கங்களுக்கு வந்து, பின்னர் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிப் பூண்டி ஏரியில் சேர்கிறது. ஆகவே புனே மலைகளில் பெய்த மழையில் ஒரு துளி சென்னையில் நம் உறவினர் வீட்டுக் குடத்தை நிரப்புவது வெறுங்கற்பனை அன்று.

1976-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் தத்தமக்குரிய கிருஷ்ணை நீரிலிருந்து ஐந்து ஐந்து டி.எம்.சி. சென்னையின் குடிநீருக்கு விட்டுக்கொடுக்க இசைந்தன. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. மொத்தம் 15 டி.எம்.சி.யில் வழியில் வீணாவது 3 என்று கழித்து, எல்லையில் 12 டி.எம்.சி. ஒப்படைக்கப்பட வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டு ஆந்திரமும் தமிழ்நாடும் உடன்பாடு செய்துகொண்டன. முதல் நீர் 1996-இல் பூண்டியை அடைந்தது. பல ஆண்டுகளில் முழு அளவு வந்து சேரவில்லை என்பதும் உண்மை. ஆயினும் உடன்பாடு நிலைத்தது.

இங்கே ஒரு வினா எழுகிறது. சென்னை கிருஷ்ணைக் கரையில் உள்ள ஊரன்று. தமிழ்நாட்டில் ஒரு சாண் நிலமும் அந்த நதியின் வடிநிலத்தில் அடங்கவில்லை. அப்படியானால் எந்த முறையில் அந்நீரைக் கேட்டோம்? எந்த முறையில் அவர்கள் கொடுத்தார்கள்? அது தானமா, பேரமா, உரிமையா? இந்த வினாவைப் பின்பற்றிச் சென்றால், உலக நாடுகள் நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வரும் ஒரு பெரும் பொருளை வந்தடைகிறோம். ஆங்கிலச் சட்டத்தார் அதனை ஈக்விட்டி என்பர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தச் சொல் எளிதில் பிடிபடுவதில்லை. சமத்துவம் என்று எழுதினால் பொருள் தவறிவிடும். ஏனெனில் எல்லார்க்கும் ஒரே அளவு கொடுப்பது ஈக்விட்டி ஆகாது. நடுவுநிலைமை என்றால் அது நீதிபதியின் குணத்தைக் குறிக்குமே அன்றித் தீர்ப்பின் தன்மையைக் குறிக்காது. ஒப்புரவு என்பது அழகிய சொல்; ஆயினும் திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயராகி, பிறர்க்கு உதவும் பண்பு என்ற பொருளில் நிலைபெற்றுவிட்டது. ஆனால் நம் ஊரில் படிப்பறியாத முதியவரும் ஒரு வழக்கைக் கேட்டு, “சட்டப்படி சரிதான், ஆனால் இது நியாயமா?” என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்வியில் உள்ள நியாயமே ஈக்விட்டி. ஆகவே அதனை நியாய நெறி என்றே இங்கு வழங்குவோம்.

இந்த நெறியை முதலில் தெளிவாக விளக்கியவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். சட்டம் பொதுவாகப் பேசுகிறது; வாழ்க்கையோ தனித்தனி நிகழ்ச்சிகளாக வருகிறது. பொது விதி ஒரு தனி நிகழ்ச்சிக்குப் பொருந்தாதபோது, சட்டம் இயற்றியவரே அங்கிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதனைக் கண்டு சொல்வதே நியாய நெறி என்றார் அவர். லெஸ்பாஸ் தீவின் கொத்தர்கள் ஈயத்தால் ஆன அளவுகோலைக் கையாண்டனர். கல்லின் வளைவுக்கு ஏற்ப அக்கோலும் வளையும். அதனையே அவர் உவமையாகக் காட்டினார். கோல் வளைகிறது, எனினும் அது கோலாகவே இருக்கிறது. அளவு இல்லாமற் போய்விடவில்லை. இந்த உவமையை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

புனேயின் வரலாற்றிலும் இச்சொல்லுக்கு ஓர் இடம் உண்டு. 1818-இல் பேஷ்வாக்களின் ஆட்சி வீழ்ந்தபோது இப்பகுதியின் நிருவாகத்தை ஏற்றவர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன். பின்னர் அவர் பம்பாய் மாகாண கவர்னராக இருந்தபோது, 1827-ஆம் ஆண்டில் ஒரு சட்டத் தொகுப்பு வெளிவந்தது. நீதிமன்றங்கள் எதன்படி தீர்ப்பளிப்பது என்பதற்கு அதன் நான்காம் ஒழுங்குமுறை ஒரு வரிசை வகுத்தது. முதலில் இயற்றிய சட்டம். அது இல்லையேல் நாட்டு வழக்கம். அதுவும் இல்லையேல் பிரதிவாதிக்குரிய சட்டம். எதுவுமே இல்லாதவிடத்து நீதி, நியாயம், நல்மனச்சான்று. 1873-ஆம் ஆண்டுச் சென்னை மாகாண சிவில் நீதிமன்றச் சட்டத்திலும் இதே மூன்று சொற்கள் இடம்பெற்றன. நம் முன்னோர் புனேயில் வழக்காடினாலும் தஞ்சையில் வழக்காடினாலும், சட்டம் வாய் மூடும் இடத்தில் நியாயம் பேசும் என்பது ஏற்கப்பட்ட விதியாக இருந்தது.

ஒரு நாட்டுக்குள் இது எளிது. ஏனெனில் அங்கே அரசு உண்டு, நீதிமன்றம் உண்டு, தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரியும் உண்டு. நாடுகளுக்கு மேலே அப்படி ஓர் அரசன் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் மண்ணுக்குத் தானே அதிபதி. அவ்வாறாயின் வலிய நாடு மெலிய நாட்டிடம் நியாயமாக நடக்க வேண்டும் என்று யார் சொல்வது?

இவ்வினா கூர்மை பெற்றது ஆற்றுநீரிலேதான். 1895-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டு விவசாயிகள் ரியோ கிராண்டே நதியின் நீரை மேலிருந்தே எடுத்துக்கொள்ள, கீழேயுள்ள மெக்சிகோ நாட்டு வயல்கள் வறண்டன. மெக்சிகோ முறையிட்டது. அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜட்சன் ஹார்மன், தன் எல்லைக்குள் ஓடும் நீரை ஒரு நாடு தன் விருப்பப்படி கையாளலாம்; கீழ்நாட்டுக்கு விட வேண்டும் என்ற கடமை எதுவும் சர்வதேசச் சட்டத்தில் இல்லை என்று கருத்துரைத்தார். மேல்மடைக்காரனுக்கே நீர் என்பது இதன் சுருக்கம். ஆயினும் அந்த வாதத்தின்படி அமெரிக்காவே இறுதிவரை நடக்கவில்லை. 1906-இல் மெக்சிகோவோடு ஓர் ஒப்பந்தம் செய்து, ஆண்டுக்கு 60,000 ஏக்கர் அடி நீர் கொடுக்க இசைந்தது. ஆனால் இது மெக்சிகோவின் உரிமை அன்று. அண்டை நாட்டின்பால் கொண்ட நல்லெண்ணத்தால் தருகிறோம் என்று எழுதிக்கொண்டது. நீர் வந்தது, உரிமை வரவில்லை.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் உள்நாட்டில் வேறொரு தீர்ப்பு பிறந்தது. அர்க்கன்சா நதியின் மேற்பகுதியில் உள்ள கொலராடோ மாநிலம் நீரை எடுத்துத் தரிசு நிலத்தை விளைநிலம் ஆக்கியது. கீழேயுள்ள கன்சாஸ் மாநிலம் வழக்குத் தொடுத்தது. இரு மாநிலங்களும் சம உரிமை உடையவை. ஆகவே நதியின் பயன் அவற்றிடையே நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1907-இல் கூறியது. கன்சாஸ் அடைந்த இழப்பையும் கொலராடோ அடைந்த நன்மையையும் தராசில் இட்டுப் பார்த்த மன்றம், அப்போதைக்குக் கன்சாசின் வழக்கைத் தள்ளியது. ஆயினும் கொலராடோ மேலும் மேலும் நீர் எடுத்து அந்தச் சமநிலை குலைந்தால் மீண்டும் வரலாம் என்று கதவைத் திறந்தே வைத்தது. 1906-இல் கிடைத்தது தயவு. 1907-இல் கிடைத்தது நியாயம். அவ்வாண்டு கன்சாசுக்கு ஒரு துளி நீர் கூடுதலாக வரவில்லை. எனினும் கேட்பவன் இரப்பவன் அல்லன், பங்காளி என்பது நிலைநாட்டப்பட்டது. தயவுக்கும் நியாயத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இந்தியாவில் இவ்வாதம் சிந்து நதியில் எழுந்தது. 1936 வரை பம்பாய் மாகாணத்தில் ஒரு பகுதியாக இருந்த சிந்து, தனி மாகாணமான பின், மேலே பஞ்சாப் தீட்டிய அணைத் திட்டங்களால் தன் கால்வாய்கள் வறளும் என்று முறையிட்டது. 1941-இல் இதற்கென ஓர் ஆணைக்குழு அமைந்தது. அதன் தலைவர் பெனகல் நரசிங்க ராவ். பின்னாளில் நம் அரசியலமைப்பு உருவானபோது ஆலோசகராக விளங்கியவரும், 1952-இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவரும் அவரே. 1942-இல் வந்த அறிக்கை மேல்மடைக்காரனின் முழு உரிமை என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. நதி முன்போலவே மாறாமல் ஓட வேண்டும் என்ற கீழ்மடைக்காரனின் வாதத்தையும் ஏற்கவில்லை. நியாயமான பங்கீடே வழி என்றது. பிரிவினைக்குப் பின் அதே நதிகள் இரு நாடுகளுக்கு உரியவை ஆயின. 1960-ஆம் ஆண்டு ஒப்பந்தம் நீரைப் பங்கிடாமல் நதிகளையே பிரித்துக் கொடுத்தது. 2025 ஏப்ரலில் இந்தியா அதனை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

இனி, புனே சார்ந்த கிருஷ்ணை வடிநிலத்துக்கு வருவோம். மகாராஷ்டிரம், மைசூர், ஆந்திரப் பிரதேசம் என்ற மூன்று மாநிலங்களின் வழக்கை விசாரிக்க, நீதிபதி பச்சாவத் தலைமையில் 1969-இல் நடுவர் மன்றம் அமைந்தது. ஆந்திரக் கழிமுகத்தின் வயல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே கிருஷ்ணை நீரால் விளைந்தவை. மேலே மகாராஷ்டிரத்தின் வறண்ட வட்டங்களோ மழை தவறினால் குடிநீருக்கும் வழியற்றவை. முன்னே பயன்படுத்தியவனுக்கே முதல் உரிமை என்றால் பின்னே விழித்தவன் என்றும் ஏழையாகவே இருப்பான். மேலே இருப்பவனுக்கே உரிமை என்றால் தலைமுறை தலைமுறையாய் உழுதவன் ஒரே பருவத்தில் அழிவான். மன்றம் இரண்டையும் கருதியது. 1960-க்கு முன்னரே நடந்துவந்த பாசனங்களுக்குக் காப்பு அளித்தது. எஞ்சிய நீரில் மற்றவர்களின் தேவைக்கு இடம் கண்டது. நான்கில் மூன்று ஆண்டுகளில் உறுதியாகக் கிடைக்கும் நீர் 2,060 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, மகாராஷ்டிரத்துக்கு 560, கர்நாடகத்துக்கு 700, ஆந்திரத்துக்கு 800 என்று பங்கிட்டது. 1973-இல் வந்த அறிக்கையும் 1976-இல் வந்த விளக்க அறிக்கையும் சேர்ந்து அதன் தீர்ப்பாயின.

அதில் புனேவாசிகள் கருதத்தக்கது ஒன்றுண்டு. புனே மாவட்டத்து முள்ஷி அணையின் நீர் கிழக்கே பாயாமல், மலையைத் துளைத்து மேற்கே கொங்கணத்தில் இறக்கப்பட்டு மின்சாரம் தருகிறது. அந்த அணையால் நிலமிழந்த உழவர்களுக்காக 1921 முதல் சேனாபதி பாபட் நடத்திய சத்தியாக்கிரகம் மராத்தி மக்கள் மறவாத ஒன்று. இவ்வாறு மேற்கே திருப்பும் நீர் கிழக்கே உள்ளவர்க்குத் திரும்பி வருவதே இல்லை. வடிநிலத்துக்கு வெளியே நீர் கொண்டுசெல்வது சட்டவிரோதம் அன்று என்று கூறிய மன்றம், மேற்கே திருப்புவதற்கு ஓர் உச்ச அளவும் விதித்தது. ஈயக்கோல் வளைந்தது, ஆனால் எதுவரை வளையலாம் என்பதும் குறிக்கப்பட்டது.

சென்னை பற்றிய வினாவுக்கும் இங்கேதான் விடை கிடைக்கிறது. 15 டி.எம்.சி. தீர்ப்பினால் வந்ததன்று, உடன்பாட்டினால் வந்தது. ஆகவே அது கண்டிப்பான சட்ட உரிமையாகத் தோன்றவில்லை. ஆனால் வெறுந் தானமும் அன்று. குடிநீர்த் தேவை மற்றெல்லாத் தேவைகளுக்கும் முற்பட்டது என்பதும், வடிநிலத்தின் எல்லை மனிதனின் தாகத்துக்கு எல்லை ஆகாது என்பதும் நியாயமாக ஏற்கப்பட்ட பின்னரே உடன்பாடு பிறந்தது. பெற்ற பங்கு 560, 700, 800 என்று வேறுபட்டிருந்தும், விட்டுக்கொடுத்த பங்கு ஐந்து ஐந்தாகச் சமமாயிற்று. எங்கே வேறுபாடு நியாயம், எங்கே சமம் நியாயம் என்று பிரித்தறிவதே இந்நெறியின் நுட்பம்.

இதுவரை கண்டது ஒரு நாட்டுக்குள் மாநிலங்களிடையே நடந்தது. இறையாண்மை உள்ள இரு நாடுகள் மோதும்போதும் இந்நெறி செல்லுமா என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கும் நம் மேற்குக் கரையிலேயே சான்று உண்டு. 1965-இல் கட்ச் உப்புச் சதுப்பு நிலத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் பொருதன. ஏறத்தாழ 3,500 சதுர மைல் பரப்பு தகராறில் இருந்தது. போர் நின்றபின் வழக்கு மூவர் அடங்கிய நடுவர் மன்றத்துக்குச் சென்றது. சுவீடன் நாட்டு நீதிபதி குன்னர் லாகர்கிரன் தலைவர்; இந்தியா நியமித்தவர் யுகோஸ்லாவிய நாட்டு அலெஷ் பெப்லர்; பாகிஸ்தான் நியமித்தவர் ஈரான் நாட்டு நசுருல்லா எந்தெசாம்.

அங்கே முதலில் எழுந்த வினாவே நம் பொருளின் உயிர்நிலை. சட்டத்தை ஒதுக்கிவிட்டு, நல்லது எனத் தமக்குத் தோன்றியபடி தீர்ப்பளிக்க நடுவர்களுக்கு அதிகாரம் உண்டா? சர்வதேச நீதிமன்றத்தின் 38-ஆம் விதி, இரு தரப்பும் இசைந்தால் மட்டும் அவ்வாறு செய்யலாம் என்கிறது. கட்ச் உடன்பாட்டில் அத்தகைய இசைவு தெளிவாக இல்லை. ஆகவே அந்த அதிகாரம் எமக்கில்லை என்று மன்றம் 1966-இல் கூறியது. அதே மூச்சில், நியாய நெறி சர்வதேசச் சட்டத்தின் ஓர் அங்கம். அதனை ஆதாரமாகக் கொண்டு இரு தரப்பும் வாதிடலாம் என்றும் கூறியது. சட்டத்துக்கு வெளியே நின்று செய்யும் சமரசம் வேறு. சட்டத்துக்குள்ளேயே இருக்கும் நியாயம் வேறு. முன்னதற்கு இருவரின் சம்மதம் வேண்டும், பின்னதற்கு வேண்டியதில்லை.

1968 பிப்ரவரி 19-ஆம் நாள் வந்த தீர்ப்பில் தகராறுக்குரிய பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இந்தியாவுக்கே உரியதாயிற்று. ஆனால் நகர் பார்க்கர் என்ற பாகிஸ்தான் நிலப்பகுதியின் இரு புறமும் உள்ளே நுழைந்து கிடக்கும் இரண்டு குடாக்களை இந்தியாவுக்குக் கொடுப்பது நியாயமன்று; அது ஓயாத உராய்வுக்கே வழி செய்யும் என்று தலைவர் கருதி, அவற்றைப் பாகிஸ்தானுக்கு அளித்தார். பெப்லர் இந்தியாவின் வாதமே முற்றும் சரி என்று மாறுபட்டு எழுதினார். நம் நாட்டில் பெருங்கொதிப்பு எழுந்தது, சத்தியாக்கிரகமும் நடந்தது. நிலத்தைக் கொடுப்பதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. இது நிலத்தைக் கொடுப்பதன்று, எல்லையை உறுதிசெய்வதே. ஆகவே திருத்தம் தேவையில்லை என்று 1969-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. பிடிக்காத தீர்ப்பையும் ஏற்போம் என்று கொடுத்த வாக்கை நம் நாடு காத்தது.

அதே 1969-இல் வடகடல் வழக்கில் சர்வதேச நீதிமன்றமும், கடலடி நிலத்தைப் பிரிக்கும்போது கரையிலிருந்து சமதூரக் கோடு மட்டுமே போதாது. முடிவு நியாயமாக இருக்க வேண்டும் என்றது. உள்வளைந்த கரையை உடைய ஜெர்மனி, சமதூரக் கணக்கினால் கடலை இழக்கும் நிலையில் இருந்தது. இதே நிலை வங்காள விரிகுடாவில் வங்கதேசத்துக்கு நேர்ந்தது. 2014 ஜூலையில் நடுவர் மன்றம், தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467-ஐ வங்கதேசத்துக்கும் எஞ்சியதை இந்தியாவுக்கும் அளித்தது. பெரிய நாடாகிய இந்தியா அதனை ஏற்றது. 1996-இல் இவ்விரு நாடுகளும் கங்கை நீர்ப் பங்கீட்டுக்கென முப்பது ஆண்டு ஒப்பந்தம் செய்தபோதும், நியாயம், நேர்மை, எவர்க்கும் தீங்கின்மை என்ற சொற்கள் அதில் எழுதப்பட்டன.

இந்நெறிக்கு மறுப்பும் உண்டு. அதனை மறைத்தல் ஆகாது. பதினேழாம் நூற்றாண்டில் ஜான் செல்டன் என்ற ஆங்கில அறிஞர், நியாய மன்றத் தலைவர்களின் மனச்சாட்சியை அளவாகக் கொள்வது அவர்களின் பாத நீளத்தையே அடிக்கோலாகக் கொள்வதற்கு ஒப்பாகும் என்று எள்ளினார். ஒருவர் பாதம் நீளம், ஒருவர் பாதம் குட்டை. ஆகவே தீர்ப்பும் ஆளுக்கு ஆள் மாறும். இது வலிய மறுப்பே. மெலிந்த நாட்டுக்கு எழுதி வைத்த விதியே அரண். விதியை நெகிழ்த்தினால் வலியவனே நெகிழ்த்துவான் என்ற அச்சமும் பொய்யன்று.

இதற்கு உலகம் கண்ட விடை, காரணங்களைக் கணக்கில் எழுதுவது. 1966-இல் சர்வதேசச் சட்டச் சங்கம் ஹெல்சிங்கி நகரில் வகுத்த விதிகளும், 1997-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற ஆற்றுநீர் உடன்படிக்கையும், நியாயமான பங்கு காண எவற்றைப் பார்க்க வேண்டும் என்று நிரல்படுத்தின. நிலத்தின் அமைப்பு, மழையளவு, முன்னைய பயன்பாடு, நதியை நம்பி வாழும் மக்கள்தொகை, வேறு நீர் கிடைக்குமா என்பது, வீணாக்காமை ஆகியன அவற்றுட் சில. 1997 உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. எனினும் அதில் உள்ள இந்நெறி நம் மன்றங்களுக்குப் பழக்கமானதே. அதே ஆண்டில் தானூப் நதி வழக்கில், ஒரு நாடு தானாகவே பெரும்பகுதி நீரைத் திருப்பிக்கொண்டது, ஹங்கேரியின் நியாயமான பங்கைப் பறிப்பதாகும் என்று சர்வதேச நீதிமன்றம் கூறியது. அந்த ஹங்கேரியே ஒப்பந்தத்தைக் கைவிட்டுத் தவறு செய்திருந்தது. அதனால் நதியில் அதற்குள்ள பங்கு அற்றுப்போகவில்லை. காரணம் எழுதப்பட்ட தீர்ப்பை ஆராயலாம், மறுக்கலாம், அடுத்த வழக்கில் எடுத்துக்காட்டலாம். அப்போது அது பாதத்தின் நீளம் ஆகாது, கோலாகிவிடும்.

காவிரியில் நமக்கு நேர்ந்ததும் இதுவே. 1892, 1924-ஆம் ஆண்டு உடன்பாடுகளைத் தமிழ்நாடு அரணாகக் கொண்டது. அவை மன்னராட்சிக் காலத்தில் வலியவர் திணித்தவை என்றது கர்நாடகம். 1990-இல் அமைந்த நடுவர் மன்றம் 2007-இல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதனை 404.25 என்று குறைத்தது. கழிமுகத்தில் உள்ள நிலத்தடி நீரையும், பெங்களூரின் குடிநீர்த் தேவையையும் அதற்குக் காரணமாகக் காட்டியது. அந்நகரில் வாழும் தமிழர் பலர். அங்கே அவர்கள் குடிக்கும் நீரும் தஞ்சையில் அவர்களின் உடன்பிறந்தார் வயலுக்குப் பாயும் நீரும் ஒரே தீர்ப்பில் நிறுக்கப்பட்டன. குறைந்த அளவு நமக்கு வருத்தமே. ஆயினும் இன்ன காரணத்தால் இவ்வளவு என்று எழுதியிருப்பதால், வாதிடவும் கண்காணிக்கவும் நமக்கு ஒரு பிடி இருக்கிறது.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் நாம் இதனை ஏன் அறிய வேண்டும்? நம் பிறந்த மண் பெரும்பாலும் கடைமடை. நாம் குடியேறிய ஊர் மேல்மடை. புனே வளர வளர, கடக்வாசலாவின் நீரில் நகரம் எடுக்கும் பங்கும் வளர்ந்தது. அதே கால்வாயை நம்பிய தௌண்ட், இந்தாபூர் வட்டத்து உழவர் எங்களுக்கு நீர் எங்கே என்று பல்லாண்டாகக் கேட்டு வருகின்றனர். அவர்களின் குரல் நமக்கு அயற்குரலா? திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் நாம் கேட்டு வளர்ந்த குரல் அன்றோ அது!

1937-இல் மியூஸ் நதி வழக்கில் நீதிபதி மான்லி ஹட்சன் ஒரு பழைய விதியை நாடுகளிடையிலும் நிலைநாட்டினார். பெல்ஜியம் நதிநீரைத் தவறாகத் திருப்புகிறது என்று ஹாலந்து முறையிட்டது. ஆனால் ஹாலந்தும் அதே போன்ற மதகு ஒன்றை வைத்திருந்தது. நியாயம் வேண்டுபவன் தானும் நியாயம் செய்தவனாக இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார்.

இப்பண்பை நம் அண்டை ஊரார் செய்தே காட்டினர். 1972-ஆம் ஆண்டுக் கொடிய பஞ்சத்துக்குப் பின், புனே மாவட்டம் புரந்தர் வட்டத்தில் உள்ள நாயகாவ் சிற்றூரில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பாணி பஞ்சாயத்து, நிலத்தின் பரப்பை வைத்து நீரைப் பங்கிடவில்லை. ஆளை வைத்துப் பங்கிட்டது. தலைக்கு அரை ஏக்கர்க்கு நீர். குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கருக்கு மேல் இல்லை. நிலமற்றவனுக்கும் பங்கு உண்டு. நீரை விழுங்கும் கரும்புக்கு இடமில்லை. நம் ஊர் ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி முறைவைத்து மடை திறந்ததும் இதே கருத்தினால்தான். ஹேக் நகரின் நீதிபதிகள் பெரிய நூல்களில் ஆராய்வதன் கரு இச்சிற்றூர்களிலும் இருக்கிறது.

நியாய நெறி என்பது வலியவர் மனமிரங்கித் தரும் கொடை அன்று. சட்டத்தைக் கைவிட்டு மனம்போன போக்கில் செய்யும் சமரசமும் அன்று. எதிரில் நிற்பவனும் பங்காளியே என்று ஏற்று, அவன் தேவையையும் நம் தேவையையும் ஒரே தராசில் இட்டு, நிறுத்த முறையை எல்லாரும் காண எழுதி வைப்பதே அது. காவிரிக்காகக் கடைமடையின் சார்பில் நாம் எடுத்துரைக்கும் வாதம், மேல்மடையில் வாழும் நம்மை நோக்கி ஒருவர் எடுத்துரைக்கும்போதும் நமக்கு நியாயமாகவே தோன்ற வேண்டும். அப்போதுதான் அது நியாயம். இல்லையேல் அது நம் வசதிக்கு நாம் சூட்டிய பெயராகவே முடியும்.